தாய் டிக்கெட், பிள்ளை டிக்கெட்: பிறந்த குழந்தைக்கு நோய்க் குறியீடு இடும் வழி

தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு. சாதாரண பிரசவம். கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று, தளர்வாக. பனிக்குட நீரில் இலேசாகச் சிசுவின் மலம். பெண் குழந்தை, 2.38 கிலோ. அப்கார் (பிறந்தவுடன் பிள்ளையின் நிலைக்கு இடும் புள்ளி) 8, 9, 10.

பிரசவ அறையில் யாரோ அவசரமாக ஆங்கிலச் சுருக்கங்களில் எழுதிவிட்டுப் போன குறிப்பு இது. பதிவேட்டு அறைக்குப் புதிதாக வந்தவரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். நீரிழிவுக்கு ஒன்று, கொடிக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று, நிறைக்கு ஒன்று என்று குழந்தையின் பெயரில் நான்கு குறியீடுகளை அடுக்கிவிடுவார். ஆனால் அந்தக் குழந்தை நன்றாக அழுதது, பால் குடித்தது, மறுநாள் தாயின் மடியில் வீட்டுக்குப் போனது. அதற்குச் சேர வேண்டியது ஒரு குறியீடு, மிஞ்சினால் இரண்டு.

புதியவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: பிரசவக் குறிப்பைப் படித்துக் கேள்வி கேட்கலாம், அதைப் படித்துக் குழந்தைக்குக் குறியீடு போடக் கூடாது. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று குழந்தையைப் பார்த்த வைத்தியர் எழுதியதிலிருந்துதான் குறியீடு வர வேண்டும். நுவரெலியா, டிக்கோயா, பதுளை, நாவலப்பிட்டி போன்ற இடங்களில் வைத்தியசாலைப் பதிவேட்டு வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வீட்டிலிருந்தபடி அமெரிக்க நிறுவனங்களுக்காக மெடிக்கல் கோடிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்கு மாறுபடும் இடங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீட்டைத் தரும் சர்வதேச நோய் வகைப்பாடுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10. அது மூன்று தொகுதிகளாக வருகிறது. முதல் தொகுதி குறியீட்டுப் பட்டியல், இரண்டாவது விதிமுறைகள், மூன்றாவது அகரவரிசைச் சுட்டி. தேடலைச் சுட்டியில் தொடங்கி, கிடைத்த குறியீட்டைப் பட்டியலில் சரிபார்த்து முடிக்க வேண்டும். சுட்டியில் கிடைத்தவுடன் எழுதிவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் வரும். 'இதில் அடங்கும்', 'இதில் அடங்காது' என்ற குறிப்புகள் பட்டியலில்தான் இருக்கின்றன. பிறந்த குழந்தை அத்தியாயத்தில் பாதி விடயம் அந்தச் சிறிய எழுத்துகளில்தான் கிடக்கிறது.

குறியீட்டின் முதல் எழுத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன்: பி (P), ஓ (O), இசட் (Z). கணினியில் அதற்குரிய ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். ஓ என்ற எழுத்துக்குப் பதிலாகப் பூச்சியத்தைத் தட்டிவிட்டு, மென்பொருள் ஏற்கவில்லை என்று திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் இடும் குறியீடு, உள்நோயாளர் நோய், மரண விவரத் திரட்டாகச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவுக்குப் போகிறது. தோட்டப் பகுதியில் குறைநிறைக் குழந்தைகள் அதிகம் என்று ஆண்டுதோறும் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகும் எண்களில் ஒரு பங்கு இந்த மேசையிலிருந்து போகிறது.

முதல் படி: டிக்கெட் யாருடையது?

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தாயோடு வார்ட்டில் இருக்கும் நலமான குழந்தையின் குறிப்பு, தாயின் பெட் ஹெட் டிக்கெட்டுக்குள்ளேயே (வார்ட்டில் நோயாளியின் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் கோவை) ஒரு தாளாக இருக்கலாம். குழந்தையைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் அனுமதித்தால் அதற்குத் தனி டிக்கெட், தனி இலக்கம். ஒரே உறைக்குள் இரண்டு நோயாளிகள் இருக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. தாளின் தலைப்பில் 'பேபி ஒஃப்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தத் தாள் பிள்ளையுடையது. அதில் இருப்பதையும், பிள்ளையைப் பற்றி வைத்தியர் வேறு இடத்தில் எழுதியதையும் தனியே எடுத்து வையுங்கள்.

மலையகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வார்ட்டில், ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே பெயரில் இரண்டு தாய்மார் இருப்பது அதிசயமல்ல. முகவரியும் உதவாது, இருவருமே 'கீழ்ப் பிரிவு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். டிக்கெட் இலக்கம், பிறந்த திகதி, பிறந்த நேரம், குழந்தை ஆணா பெண்ணா என்பது ஆகிய நான்கும் பொருந்தினால்தான் தாளைச் சேருங்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் முதலாமவர், இரண்டாமவர் என்ற அடையாளத்தையும் பாருங்கள். நிறைகள் இடம் மாறி ஏறியிருக்கக்கூடும்.

இரண்டாம் படி: எந்தத் தாளை முதலில் படிப்பது?

டயக்னோசிஸ் கார்டை, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது நோயை எழுதித் தரும் அட்டையை, முதலில் படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அடுத்து குழந்தை வைத்தியரின் அன்றாடக் குறிப்புகள். பிறகு சிகிச்சைத் தாள்: நீலஒளிச் சிகிச்சை, ஒட்சிசன், நாளத்தினூடாக மருந்து. பிறகு குருதிப் பரிசோதனை முடிவுகள். பிரசவக் குறிப்பும் பார்ட்டோகிராமும் (பிரசவ வலியின் போக்கைக் காட்டும் வரைபடம்) கடைசியில்தான்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பிரசவக் குறிப்பை முதலில் படித்தால், அதில் இருக்கும் அபாயங்கள் மனதில் ஏறிவிடும். பிறகு குழந்தையின் தாள்களில் அவற்றையே தேடுவோம். குழந்தையின் தாள்களை முதலில் படித்தால், ஆன நோய் என்ன என்று தெரிந்துவிடும். பிரசவக் குறிப்பில் அதற்கான விளக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

தாயின் கர்ப்பகாலப் பதிவேடான எச்.512 அட்டை கூடவே இருந்தால் திகதிகளைச் சரிபார்க்க உதவும். குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் பிறப்பு நிறை எழுதப்பட்டிருக்கும். டிக்கெட்டில் 2.4, பதிவேட்டில் 2.38 என்று இருந்தால் அது முழுமையாக்கிய எண் என்று புரியும். டிக்கெட்டில் 2.5, பதிவேட்டில் 2.48 என்று இருந்தால் விடயம் வேறு. அதை அடுத்துப் பார்ப்போம்.

மூன்றாம் படி: சோடிகளைப் பழகிக்கொள்வது

ஐ.சி.டி.-10இன் 15ஆவது அத்தியாயம் ஓ எழுத்தில் வருவது. கர்ப்பமும் பிரசவமும் அதற்குப் பிந்திய காலமும். அது தாய்க்கு மட்டும். 16ஆவது அத்தியாயம் பி எழுத்தில் வருவது, பிறப்பை ஒட்டிய காலத்தில் தொடங்கும் நிலைகள். அது பிள்ளைக்கு மட்டும். ஒரே நிகழ்வுக்கு இரண்டு பக்கமும் குறியீடு இருப்பதால்தான் கை தவறுகிறது. அடிக்கடி வரும் சோடிகள் இவை:

கர்ப்பகால நீரிழிவு: தாய்க்கு ஓ24.4, பிள்ளைக்கு பி70.0
பிரீ-எக்ளாம்ப்சியா (கர்ப்பகால உயர் குருதி அமுக்க நோய்): தாய்க்கு ஓ14, பிள்ளைக்கு பி00.0
குறைமாதப் பிரசவம்: தாய்க்கு ஓ60, பிள்ளைக்கு பி07
நாள் தாண்டிய கர்ப்பம்: தாய்க்கு ஓ48, பிள்ளைக்கு பி08.2
பிரசவ வலிக்கு முன் நீர்க்குடம் உடைதல்: தாய்க்கு ஓ42, பிள்ளைக்கு பி01.1
கருவில் வளர்ச்சிக் குறைவு: தாய்க்கு ஓ36.5, பிள்ளைக்கு பி05
பிரசவத்தின்போது சிசுவுக்கு நெருக்கடி: தாய்க்கு ஓ68, பிள்ளைக்கு பி20
இரட்டைக் கரு: தாய்க்கு ஓ30.0, பிள்ளைக்கு பி01.5

தாயின் பக்கம் உறுதியாக இருப்பதால் பிள்ளையின் பக்கமும் தானாக வந்துவிடாது. பி00 முதல் பி04 வரையிலான குறியீடுகள் தாயின் நிலை பிள்ளையைப் பாதித்தது என்று சொல்லப்பட்டிருக்கும்போது மட்டுமே. தாய்க்கு உயர் குருதி அமுக்கம், பிள்ளை 2.9 கிலோ, நலம். பி00.0 வேண்டாம். அதே தாய், பிள்ளை 1.9 கிலோ, 'தாயின் குருதி அமுக்கத்தால் வளர்ச்சி குன்றியது' என்று குழந்தை வைத்தியர் எழுதியிருக்கிறார். இப்போது பி05உம் பி00.0உம் சேர்ந்து வரும்.

இசட் எழுத்திலும் ஒரு சோடி உண்டு. இசட்37 பிரசவத்தின் விளைவு, தாய்க்குரியது. இசட்38 உயிரோடு பிறந்த குழந்தை, பிள்ளைக்குரியது. வைத்தியசாலையில் பிறந்த ஒற்றைக் குழந்தைக்கு இசட்38.0, வெளியே பிறந்ததற்கு இசட்38.1, வைத்தியசாலையில் பிறந்த இரட்டையருக்கு இசட்38.3.

நான்காம் படி: நிறையும் வாரமும்

நம் பகுதியில் அதிக நேரம் எடுக்கும் இடம் இதுதான். ஆறுதலாகப் படியுங்கள்.

குறைநிறை என்பது 2,500 கிராமுக்குக் கீழ். அதாவது 2,499 வரை. சரியாக 2,500 இருந்தால் குறைநிறை இல்லை. அதனால்தான் 2.48ஐ 2.5 ஆக முழுமையாக்குவது வெறும் அழகுக்கான வேலை இல்லை. தராசு காட்டியதை அப்படியே எடுங்கள். 1,000 முதல் 2,499 கிராம் வரை பி07.1. 999 கிராமும் அதற்குக் கீழும் பி07.0.

வாரத்தைப் பொறுத்தவரை எண்ணுவது முடிந்த வாரங்களை. இங்கே டிக்கெட்டுகளில் பி.ஓ.ஏ. (கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணிய காலம்) 36+6 என்று எழுதுவார்கள்: 36 வாரமும் ஆறு நாளும். அது 36 முடிந்த வாரம்தான், குறைமாதம்தான். மறுநாள் 37+0 ஆனால் நிறைமாதம். 28 வாரம் முதல் 37 வாரம் முடிவதற்கு முன்பு வரை பி07.3, 28 வாரத்துக்கும் குறைவு என்றால் பி07.2. நிறை, வாரம் இரண்டும் தெரிந்திருக்கும்போது நிறைக்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் குறிப்பு.

அந்த வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கடைசி மாதவிடாய்த் திகதியைக் கேட்டால், 'பொங்கல் கழிந்து ஒரு வாரம்', 'தேருக்கு முந்தின கிழமை' என்று சொல்கிற அம்மாமார் நம்மிடையே உண்டு. கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், எழுதப்படும் திகதி இன்னும் ஆட்டம் காணும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனின் கணக்கும் டிக்கெட்டில் இருந்து, இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்தால், எதை எடுப்பது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். வைத்தியர் டயக்னோசிஸ் கார்டில் எந்த வாரத்தை ஏற்றிருக்கிறாரோ அதுவே உங்களுடையது.

இனி, சிறிய பிள்ளைகள் எல்லோரும் ஒரு வகை அல்லர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தாய்க்கு 39 வாரத்தில் 2.3 கிலோவில் பிறந்த பிள்ளையும், 34 வாரத்தில் 2.3 கிலோவில் பிறந்த பிள்ளையும் தராசில் ஒன்று. ஆனால் முதல் பிள்ளை கருவில் சரியாக வளரவில்லை. இரண்டாவது பிள்ளை வளர நேரமில்லாமல் முந்தி வந்துவிட்டது. குறியீட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. கருவில் வளர்ச்சி குன்றியதால் நிறை குறைந்தது என்றால் அது பி05க்குப் போகும். பி07இன் 'அடங்காது' குறிப்பு அதைத் தெளிவாக விலக்குகிறது. வைத்தியர் எஸ்.ஜி.ஏ. (வாரத்துக்கேற்ற அளவைவிடச் சிறியது) என்று எழுதினால் பி05.1, ஐ.யூ.ஜி.ஆர். (கருவில் வளர்ச்சிக் குறைவு) என்று மட்டும் எழுதினால் பி05.9. எல்.பி.டபிள்யூ. (குறைநிறை) என்று மட்டும் எழுதினால் பி07.1. 39 வாரம், 2.3 கிலோ என்பதைப் பார்த்து நீங்களாகவே எஸ்.ஜி.ஏ. என்று முடிவுகட்டக் கூடாது. வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைப்பது வைத்தியரின் வேலை. ஆனால் கேட்கலாம். கேட்கவும் வேண்டும், தாய்மாரின் போசாக்குக் குறைபாட்டால் சிறுத்துப் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் வெறும் குறைநிறை என்ற பெட்டிக்குள் விழுந்தால், பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: பிரசவக் குறிப்பில் ஏமாறும் இடங்கள்

*அப்கார்.* அமெரிக்க மயக்க மருந்து வைத்தியர் வெர்ஜினியா அப்கார் 1953இல் வெளியிட்ட மதிப்பீடு இது. இதயத் துடிப்பு, சுவாசம், தசை இறுக்கம், தூண்டலுக்குப் பதில், நிறம் ஆகிய ஐந்துக்கும் இரண்டு இரண்டு புள்ளிகள். ஐ.சி.டி.-10இல் பிறப்பு மூச்சடைப்பின் கீழ், முதல் நிமிட அப்கார் 0 முதல் 3 என்றால் கடுமையானது, பி21.0, 4 முதல் 7 என்றால் மிதமானது, பி21.1. இதைப் பார்த்தவுடன் புதியவர் அப்கார் 6க்கெல்லாம் பி21.1 போட ஆரம்பித்துவிடுவார். அதே தலைப்பின் கீழ் உள்ள குறிப்பைப் படிக்க வேண்டும்: மூச்சடைப்போ வேறு சுவாசப் பிரச்சினையோ குறிப்பிடப்படாமல் அப்கார் மட்டும் குறைந்திருந்தால் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தக் கூடாது. முதல் நிமிடம் 6, ஐந்தாம் நிமிடம் 9, வைத்தியர் எதுவும் எழுதவில்லை என்றால், எதுவும் இல்லை.

*மலம் கலந்த நீர்.* தாயின் பக்கம் ஓ68.1. பிள்ளையின் பக்கம் இரண்டு வேறு விடயங்கள். கருவில் ஒட்சிசன் குறைவு என்ற பி20இன் கீழ் மலம் கலந்த நீரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பிள்ளை அந்த நீரை உள்ளிழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டால் பி24.0. இரண்டாவதுதான் குழந்தையைப் பல நாட்கள் வார்ட்டில் வைத்திருக்கும் நோய். 'நீரில் மலம்' என்பதிலிருந்து பி24.0க்குத் தாவுவது, மழை பெய்தது என்று கேட்டு மண்சரிவு என்று பதிவதைப் போன்றது. 'உள்ளிழுப்பு' என்ற சொல் குழந்தையின் தாளில் இருக்க வேண்டும்.

*கழுத்தில் கொடி.* தளர்வாக ஒரு சுற்று இருந்தது, வைத்தியர் எடுத்துவிட்டார், பிள்ளை அழுதது. பிள்ளைக்குக் குறியீடு இல்லை. கொடி அழுத்தியதால் பிள்ளை பாதிக்கப்பட்டது என்று எழுதப்பட்டிருந்தால் மட்டும் பி02.5.

*வெக்கியூம்.* உறிஞ்சு கிண்ணத்தைத் தலையில் பொருத்திப் பிள்ளையை எடுப்பது. தாய்க்கு ஓ81.4. பிள்ளையின் தலையில் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளையின் பரிசோதனைக் குறிப்பில் தேடுங்கள். கிண்ணம் பதிந்த வீக்கம் என்றால் பி12.1, எலும்புறைக்குக் கீழ் குருதிக்கட்டு என்றால் பி12.0, உச்சித்தோலின் அடியில் பரவிய குருதிக்கசிவு என்றால் பி12.2. மூன்றாவது உயிருக்கே ஆபத்தானது. அதை முதலாவதோடு குழப்பினால் ஒரு கனமான நோயை வீக்கமாகக் குறைத்துவிடுகிறோம். கையெழுத்து விளங்காவிட்டால் வார்ட்டுக்கு நடந்துபோய்க் கேளுங்கள்.

*நீரிழிவுத் தாய்.* பிள்ளையின் குருதி வெல்லத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள். பார்த்தது நோயல்ல. வெல்லம் குறைந்து, தாயின் கர்ப்பகால நீரிழிவே காரணம் என்று வைத்தியர் எழுதினால் பி70.0. தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்தால் பி70.1. தாய்க்கு நீரிழிவே இல்லாமல் பிள்ளைக்கு வெல்லம் குறைந்தால் பி70.4.

*குருதி வகை.* தாய் ஓ, பிள்ளை ஏ. குருதி வகை பொருந்தாததால் வந்த காமாலை என்று வைத்தியர் சொன்னால் பி55.1. சொல்லாமல் நீலஒளியில் மட்டும் வைத்திருந்தால், எழுதியிருக்கும் காமாலைக்கு மட்டும் பி59. குறைமாதத்தால் என்றால் பி59.0, காரணம் குறிப்பிடாவிட்டால் பி59.9.

இப்போது தொடக்கத்தில் தந்த பிரசவக் குறிப்புக்கு வாருங்கள். இசட்38.0. வைத்தியர் குறைநிறை என்று எழுதியிருந்தால் கூடவே பி07.1. அவ்வளவுதான்.

குளிரும் பாதையும்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவில் லயத்திலோ வழியில் ஓட்டோவிலோ பிறந்த பிள்ளை குளிர்ந்த உடம்போடு வந்து சேரும். வைத்தியர் உடல் வெப்பக் குறைவு என்று எழுதியிருந்தால் பி80 தலைப்பைப் பாருங்கள். இலேசானது பி80.8, விவரம் இல்லாதது பி80.9. பி80.0 என்பது வீக்கமும் நரம்பு, இரசாயன மாற்றங்களும் சேர்ந்த கடுமையான குளிர்த் தாக்கம். வரிசையில் முதலில் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்துவிடாதீர்கள். வெப்பமானியில் 35.8 என்ற எண் மட்டும் இருந்து நோயின் பெயர் இல்லையென்றால், அப்கார் கதைதான் இங்கேயும். அதிகம் போர்த்தி உடம்பு சூடேறிய பிள்ளைக்கும் குறியீடு உண்டு, பி81.0. பாட்டிமாரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸில் பிறந்தாலும், தோட்டத்து லொறியில் பிறந்தாலும், வைத்தியசாலை வாசலில் பிறந்தாலும் அது வைத்தியசாலைக்கு வெளியே பிறந்ததுதான்: பிள்ளைக்கு இசட்38.1. பிரசவம் முடிந்து வந்த தாய் நலமாக இருந்தால் அவருக்கு இசட்39.0.

இடமாற்றம் நமக்கு அன்றாடம். டிக்கோயாவில் பிறந்து கண்டிக்குப் போகும் பிள்ளையோடு ஒரு மாற்றல் கடிதம் போகும். அந்தக் கடிதத்தில் உள்ள சந்தேகங்கள் அனுப்பியவருடையவை. பெறும் வைத்தியசாலை கண்டறிந்த நோய்தான் அங்கே குறியீடு. பிறப்புக் குறியீட்டைப் பிறந்த இடத்தில் போட்டாயிற்று. மறுபடி போட்டால் ஒரு பிள்ளை இரண்டு முறை பிறந்ததாகிவிடும்.

ஆறாம் படி: பிரதான நோயைத் தெரிவது

உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி, சிகிச்சை முடியும்போது கண்டறியப்பட்டதும், நோயாளிக்குச் சிகிச்சையோ பரிசோதனையோ தேவைப்பட முதன்மைக் காரணமாக இருந்ததுமான நிலையே பிரதான நோய். 34 வாரப் பிள்ளை, 2.1 கிலோ, சுவாசத் திணறல் நோய்க்காக ஒட்சிசன், மூன்றாம் நாளில் காமாலை. பிரதான நோய் பி22.0. பி07.1, பி59.0 ஆகியவை கூடுதல். குறைமாதம் என்பதை எப்போதும் முதலில் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சுவாச நோயைக் கணக்கிலிருந்து மறைப்பதைத் தவிர அதனால் வேறு பயனில்லை.

பிறவிக் குறைபாடுகள் இந்த அத்தியாயத்தில் இல்லை. அவை கியூ எழுத்தில் வரும். பச்சிளம் குழந்தையின் ஏற்பு வலி ஏ33. சுட்டியைத் திறக்காமல் பி அத்தியாயத்துக்குள்ளேயே சுற்றுபவர்களுக்கு இவை கிடைக்காது.

ஏழாம் படி: வைத்தியரிடம் கேட்பது

கேட்கும் விதம் முக்கியம். 'டொக்டர், இந்தப் பிள்ளைக்கு பர்த் அஸ்ஃபிக்சியா (பிறப்பு மூச்சடைப்பு) என்று போட்டுவிடவா?' என்று கேட்டால், வேலைப்பளுவில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். பதிலை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். இப்படிக் கேளுங்கள்: 'டொக்டர், முதல் நிமிட அப்கார் 5 என்று இருக்கிறது, பையும் முகமூடியும் கொண்டு சுவாசம் கொடுத்திருக்கிறார்கள். கார்டில் நோய் எதுவும் இல்லை. பிள்ளையின் நிலை என்னவென்று எழுதித் தர முடியுமா?' இருப்பதை மட்டும் சொல்லுங்கள். பெயரை அவர் சொல்லட்டும். வாயால் சொன்னதை வைத்துக் குறியீடு இடாதீர்கள். டிக்கெட்டில் எழுதி, கையெழுத்தும் திகதியும் வைக்கச் சொல்லுங்கள்.

உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று மாறிப் போய்விடுவார்கள். கேள்விகளைக் காலாண்டு முடிவுவரை சேர்த்து வைத்தால், கேட்க ஆள் இருக்காது. கிழமைக்கு ஒரு தடவையாவது வார்ட்டுக்குப் போய்வாருங்கள். பிரசவ அறை மிஸ்மாரிடம் நல்ல பழக்கம் வைத்திருப்பதும் உதவும். எந்தத் தாள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குழந்தை இறந்திருந்தால்

பிறப்பை ஒட்டிய மரணத்துக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சான்றிதழில், பிள்ளையின் பிரதான நோய், பிள்ளையின் மற்ற நோய்கள், பிள்ளையைப் பாதித்த தாயின் பிரதான நிலை, தாயின் மற்ற நிலைகள் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. தாயின் நிலை பிள்ளையின் தாளிலேயே முறைப்படி இடம்பெறும் இடம் இது. அங்கேயும் ஓ குறியீடு வராது. பி00 முதல் பி04 வரைதான்.

முதல் பகுதியில் இதயச் செயலிழப்பு, மூச்சடைப்பு, குறைமாதம் ஆகியவற்றில் ஒன்று எழுதப்பட்டு, பிள்ளைக்கு வேறு நோயும் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்த வேறு நோய்களில் முதலில் எழுதப்பட்டதே பிரதான நோயாகும். குறைமாதம் என்று மேலே, சுவாசத் திணறல் நோய் என்று கீழே, தாய்க்கு நச்சுக்கொடி முன்கூட்டிப் பிரிந்தது என்று அதற்கும் கீழே இருந்தால்: பிரதான நோய் பி22.0, மற்றது பி07, தாயின் நிலை பி02.1. வயதைக் கணக்கிடும்போது பிறந்த அன்று 0 நாள். முதல் ஏழு நாளுக்குள் இறந்தால் பச்சிளம் பருவத்தின் முற்பகுதி மரணம், அதன் பிறகு 28 நாள் முடிவதற்குள் என்றால் பிற்பகுதி மரணம்.

அமெரிக்க வேலைக்குப் படிப்பவர்களுக்கு

அமெரிக்கா தன் சொந்தத் திருத்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 1ஆம் திகதி புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும். அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் தனித்தனிக் கோப்புகள். தாயின் கோப்பில் மட்டும் இருக்கும் செய்தியைக் கொண்டு பிள்ளைக்குக் குறியீடு போட முடியாது.

பெரிய வேறுபாடு முதலிடத்தில். பிறந்த வைத்தியசாலையின் கோப்பில், பிள்ளை எவ்வளவு நோயுற்றிருந்தாலும் இசட்38தான் முதல்: சாதாரணப் பிரசவம் என்றால் இசட்38.00, சீசரியன் என்றால் இசட்38.01. அது ஒரு முறைதான். பிள்ளையைப் பெறும் இரண்டாவது வைத்தியசாலையில் வராது. நிறையும் வாரமும் இரண்டுமே போட வேண்டும், நிறை முதலில். இரண்டுக்கும் நுணுக்கமான பிரிவுகள்: 2,000 முதல் 2,499 கிராம் வரை பி07.18, 36 முடிந்த வாரம் பி07.39. எண் இருந்தாலும், குறைமாதம் என்று வைத்தியர் எழுதாவிட்டால் குறைமாதக் குறியீடு இல்லை.

பி21 அந்தப் பதிப்பில் இல்லவே இல்லை. விவரமற்ற மூச்சடைப்பு பி84க்குப் போகிறது. தேர்வில் உலகப் பதிப்பின் நினைவில் பி21 என்று எழுதுபவர்கள் உண்டு.

நம்மிடம் அடிக்கடி எழும் இன்னொரு நிலைக்கு அங்கே நேரடி விடை இருக்கிறது. தாய்க்குக் காய்ச்சல், பிள்ளைக்குத் தொற்று இருக்குமோ என்று குருதி எடுத்து, கிருமி இல்லை என்று தெரிந்து மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதற்கு இசட்05.1: தொற்றுச் சந்தேகத்தில் பார்த்து, இல்லை என்று விலக்கியது. நோய் உறுதியானால் இசட்05ஐப் பயன்படுத்தாமல் நோயின் குறியீட்டையே போட வேண்டும்.

எந்த நிலையைக் குறியீடாக்குவது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஆறு: வைத்தியர் மதிப்பிட்டாரா, சிகிச்சை கொடுத்தாரா, பரிசோதனை செய்தாரா, தங்கும் நாள் கூடியதா, தாதியர் கவனிப்பு கூடியதா, எதிர்காலத்தில் மருத்துவத் தேவை உண்டு என்று வைத்தியர் குறித்திருக்கிறாரா. கடைசியாக உள்ளது பிறந்த குழந்தைகளுக்கென்றே சேர்க்கப்பட்டது. இந்த ஆறில் ஒன்றுகூட இல்லாத மச்சத்துக்கும் மூக்கடைப்புக்கும் குறியீடு தேடி இரவு விழிக்க வேண்டாம்.